மூணு வண்டி, ஒரே சண்டை

பேரப்பிள்ளைக மூணு பேரு. ஒன்றரை, நாலு, ஒன்பது வயசு. லீவுக்கு வர்றாகளேன்னு காரைக்குடியில பொம்மைக் கடைக்குப் போனேன். போயிருக்கவே கூடாது.

ஒரு பொம்மை வண்டிப் பெட்டியில 3 வயசுக்கு மேலன்னு போட்டிருக்கே, சின்னவனுக்கு ஆகுமாப்பான்னு கேட்டா, "புத்திசாலிப் புள்ளைன்னா ஓட்டிரும் ஆச்சி"ங்கிறான் கடைப் பையன். அது புத்திக்குப் போட்ட வயசா? கழண்டு வர்ற குட்டிச் சாமான் தொண்டையில சிக்கிக்குமேன்னு போட்டது! 2021லேருந்து பொம்மைக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். அது எங்கன்னு கேட்டா பெட்டியைப் புரட்டிக்கிட்டே நிக்கிறான்.

கடைசியில மரத்துல நடைவண்டி ஒண்ணு, நடுவுலவளுக்கு மூணு சக்கர ஸ்கூட்டர், பெரியவனுக்கு ஹெல்மெட்டோட சைக்கிள். பர்ஸ் காலி.

வீட்டுக்கு வந்தா ஒன்பது வயசுக்காரன் நடைவண்டியில ஏறி உட்கார்ந்து சக்கரத்தை ஒடிச்சுட்டான். நாலு வயசுக்காரிக்கு சைக்கிள்தான் வேணுமாம், ஒரே அழுகை. ஸ்கூட்டரை வளவுல, அதான் முற்றத்தைச் சுத்தின தாழ்வாரத்துல விட்டா, தரையில பதிச்ச ஆத்தங்குடிக் கல்லு வழுவழுப்புல பறக்குது. நேரா தூணுல போயி முட்டுது. (பர்மா தேக்கு. தூணுக்கு ஒண்ணும் ஆகாது, புள்ள மண்டைக்குத்தான் பயம்.)

சின்னவன் எதையும் சீண்டல. பல்லாங்குழிச் சோழியை வாயில போடப் போனான். பிடுங்கிப் பெட்டகத்துல வச்சுப் பூட்டிட்டேன்.