நகைக்கடை பார்க்கவா பாங்காக்கில் இறங்கினோம்?

விமானம் மாறும் இடைவெளியில் பாங்காக்கைச் சுற்றிக் காட்டுகிறோம் என்று பணம் வாங்கும் பயண முகவர்களைக் கேட்கிறேன். எங்கள் நேரத்தை நகைக்கடைக்காரருக்கு விற்க உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

காலையில் சுவர்ணபூமி விமான நிலையத்தில் இறங்கி இரவு விமானத்தைப் பிடிக்க வேண்டும். குடிநுழைவு வரிசை, போக வர ஆகும் நேரம், விமானத்துக்கு முன்கூட்டியே வந்து காத்திருப்பது எல்லாம் கழிந்தால் கையில் மிஞ்சுவது ஐந்தாறு மணி நேரம்தான். அந்த ஐந்தாறு மணி நேரத்துக்குத்தான் சென்னையிலேயே முழுப் பணத்தையும் கட்டினோம். கொடுத்த தாளில் பொன் புத்தர், அரண்மனை, வாட் போ கோயில், பெரிய ஊஞ்சல், ரத்தினக் கூடம் என்று வரிசையாக அச்சிட்டிருந்தார்கள். ரத்தினக் கூடம் என்றால் ஏதோ அருங்காட்சியகம் என்றுதானே யாரும் நினைப்பார்கள்? அது கடை. வாடிக்கையாளரை எளிதில் வெளியே விடாத கடை.

பொன் புத்தரைப் பார்க்க வாட் ட்ராய்மிட் கோயிலில் கொடுத்தது இருபது நிமிடம். ஐந்தரை டன் எடையுள்ள பொற்சிலை அது. படையெடுத்து வந்த பர்மியரின் கண்ணில் படாமலிருக்கச் சுதை பூசி மறைத்ததாகச் சொல்கிறார்கள். பிறகு அது பொன் என்பதே மறந்துபோய், 1955இல் இடம் மாற்றும்போது சுதை பெயர்ந்து உள்ளே தங்கம் தெரிந்தது. இப்படி ஒரு கதையுள்ள சிலையின் முன்னால் நின்று பெருமூச்சு விடுவதற்குள் வழிகாட்டி கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டுகிறார். அடுத்து அரண்மனைதானே என்று கேட்டால், "இன்று பூஜை, மதியத்துக்கு மேல்தான் திறப்பார்கள்" என்கிறார்.

பச்சைப் பொய். அரண்மனை வாசலைச் சுற்றித் திரியும் தரகர்கள் காலங்காலமாகச் சொல்லிவரும் அதே பொய். அரண்மனை காலை 8.30 மணிக்குத் திறக்கிறது, பிற்பகல் 3.30க்கு டிக்கெட் கொடுப்பதை நிறுத்துகிறார்கள். அந்நியர் பேச்சை நம்பாதீர்கள் என்று அங்கேயே எச்சரிக்கையும் வைத்திருக்கிறார்கள். தெருவில் நிற்கும் தரகர் சொன்னால் விலகிப் போய்விடலாம். நாம் காசு கொடுத்து அமர்த்திய வழிகாட்டியே சொன்னால் யாரிடம் போய் முறையிடுவது?

பூஜை முடியும்வரை என்ற பெயரில் ரத்தினக் கூடம். முதலில் ஒரு இருட்டறையில் சுரங்கத்தைப் பற்றிப் படம் காட்டுகிறார்கள். பிறகு கல் பட்டை தீட்டும் பட்டறை. பிறகு கண்ணுக்கெட்டிய தூரம் வரை கண்ணாடிப் பெட்டிகள். ஆளுக்கொரு விற்பனையாளர் நிழலாகத் தொடர்கிறார். மோதிரம் வேண்டாம் என்றால் பதக்கம், பதக்கம் வேண்டாம் என்றால் தோல் பை. அதையும் தாண்டினால் பட்டுத்துணி. வெளியேறும் வழியைக் கேட்டால் இன்னொரு கூடத்தைக் காட்டுகிறார்கள். எழுபது வயது அம்மா உட்கார ஒரு நாற்காலி கேட்டபோது, நகை பார்க்கும் மேசைக்கு முன்னால் உட்காரச் சொன்னார்கள். வெளியே வந்து நின்றால் வண்டி இல்லை. எல்லாரும் வந்த பிறகுதான் வருமாம். ஏப்ரல் வெயில். சென்னை வெயிலில் வளர்ந்த உடம்புக்கே அந்தப் புழுக்கம் தாங்கவில்லை. நிழலுக்கு ஒரு மரம்கூட இல்லாத முற்றத்தில் முதியவர்களும் குழந்தைகளும் காத்து நின்றோம்.

அதன்பின் போக்குவரத்து நெரிசலில் ஊர்ந்து அரண்மனைக்கு வந்து சேர்ந்தபோது டிக்கெட் கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். 1782இல் கட்டத் தொடங்கிய அரண்மனையின் வெள்ளை மதிலைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். வாட் போவில் 46 மீட்டர் நீளத்துக்குச் சாய்ந்து கிடக்கும் புத்தரும் நேரமில்லை என்ற ஒரே வார்த்தையில் போய்விட்டார்.

என்னால் மன்னிக்கவே முடியாதது ஊஞ்சல்தான். அம்மா இந்தப் பயணத்துக்கு ஒத்துக்கொண்டதே அதற்காகத்தான். சிவப்பு வண்ணத் தேக்குத் தூண்களோடு நிற்கும் அந்தப் பெரிய ஊஞ்சலில் 1935க்குப் பிறகு யாரும் ஆடுவதில்லை. ஆனால் பக்கத்திலேயே 1784இல் எழுந்த தேவஸ்தானம் என்ற இந்துக் கோயில் இருக்கிறது. சிவனுக்கும் பிள்ளையாருக்கும் பெருமாளுக்கும் தனித்தனிச் சன்னதிகள். தாய்லாந்து அரசவைப் பிராமணர்கள் ஆண்டுதோறும் நம் திருவெம்பாவையை அவர்களுடைய உச்சரிப்பில் ஓதிவரும் இடம். ஒவ்வொரு மார்கழியும் அதே பாடல்களை விடியற்காலையில் பாடுகிற அம்மாவுக்கு, வண்டியின் கண்ணாடி வழியாகத் தூண்களைக் காட்டி, "அதுதான் ஊஞ்சல்" என்றார் வழிகாட்டி. வண்டி நிற்கக்கூட இல்லை.

அரண்மனையில் வெளிநாட்டவருக்கு 500 பாட், உள்ளூர்க்காரருக்கு இலவசம் என்பதில் எனக்குக் கோபமில்லை. பலகையில் எழுதி வைத்து வாங்குகிறார்கள், அது நேர்மை. சாலை நெரிசலையும் நான் குறை சொல்லமாட்டேன். அந்த நகரம் தன் பங்குக்கு வழி செய்தே வைத்திருக்கிறது. விமான நிலைய ரயிலில் மக்காசானில் இறங்கி, நடந்து போய் பெட்சபுரியில் மெட்ரோ ஏறினால், சாம் யோட் நிலையத்திலிருந்து ஊஞ்சலுக்கு நடந்தே போகலாம். அடுத்த நிலையமான சனம் சாயில் இறங்கினால் வாட் போ. ஒரு வழிக்கு நூறு பாட்கூட ஆகாது. இதை எந்த முகவரும் சொல்வதில்லை. சொன்னால் கடைக்காரர் கொடுக்கும் தரகு போய்விடுமே!

ஓட்டுநரைத் திட்டி என்ன பயன்? ஆட்களைக் கடையில் கொண்டுபோய் இறக்கினால் கூப்பன் கிடைக்கும் என்று அவருக்கு ஏற்பாடு செய்து வைத்திருப்பவர்கள் வேறு. சென்னையில் குளிர்சாதன அறையில் உட்கார்ந்து அந்தத் தாளை அச்சடித்தவர்களிடம்தான் கேட்கிறேன். ரத்தினக் கூடம் என்று எழுதாதீர்கள். "நகைக்கடை, இரண்டு மணி நேரம், கட்டாயம்" என்று எழுதுங்கள். அரண்மனைக்கு எத்தனை மணிக்குக் கொண்டுபோய் விடுவீர்கள் என்றும் எழுதுங்கள். கொண்டுபோகவில்லை என்றால் அதற்கு வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். நான் கடிதம் எழுதிக் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை.