கையை விட்டுப் போனதைக் கொடுத்ததாகச் சொல்லாதீர்கள்

நேற்று ஒரு பதிவின் கீழ் நடந்த வாக்குவாதத்தைப் பார்த்தவர்களுக்கு எதைச் சொல்கிறேன் என்று தெரியும். இரண்டாம் உலகப் போரின் நடுவே, 1943இல், பிரிட்டனும் அமெரிக்காவும் சீனாவுக்குப் பெருந்தன்மையாக உரிமைகளைத் திருப்பிக் கொடுத்தனவாம். மறுத்த எனக்கு, "முதலில் சரித்திரம் படியுங்கள்" என்று பதில். ராத்திரி தூக்கம் வரவில்லை.

படித்துவிட்டுத்தான் பேசுகிறேன். 1840களின் ஒப்பந்தங்கள் தொடங்கி நூறு வருஷம், சீன மண்ணில் குற்றம் செய்த ஆங்கிலேயரையோ அமெரிக்கரையோ சீன நீதிபதி விசாரிக்க முடியாது. ஷாங்காயில் பிரிட்டன் தனி நீதிமன்றமே வைத்திருந்தது. இதை விட்டுக்கொடுத்துக் கையெழுத்திட்டது 1943 ஜனவரி 11. அன்றைக்கு ஷாங்காய் யாரிடம் இருந்தது? 1941 டிசம்பரிலிருந்தே ஜப்பானின் பிடியில். அந்த ஜப்பானும் இரண்டு நாள் முன்னால், ஜனவரி 9 அன்று, சீனாவில் தன் கைப்பொம்மையாக இருந்த வாங் சிங்வெய் அரசுக்கு இதே உரிமைகளை விடுவதாக அறிவித்திருந்தது. கையை விட்டுப் போனதைக் கொடுத்ததாகச் சொல்லாதீர்கள்.

எங்கள் ஊரில் பக்கத்துத் தோட்டக்காரர் வண்டிப்பாதையில் மூன்றடியை வேலிக்குள் இழுத்துக்கொண்டார். அப்பா மணியக்காரர், தாசில்தார் என்று பல வருஷம் அலைந்தார். ரோடு அகலப்படுத்த அளந்து, சிவப்புப் பெயின்ட் அடித்த கல் அந்த மூன்றடிக்கும் உள்ளே தள்ளி விழுந்து, அந்த இடம் எப்படியும் ரோட்டுக்குப் போகும் என்று ஆன அன்றுதான் அந்தத் தோட்டக்காரர் எங்கள் திண்ணைக்கு வந்தார். "பாதைய நீங்களே வச்சுக்கங்கண்ணா." அப்பா ஒரு வார்த்தை பேசாமல் மோர் கொடுத்து அனுப்பினார். அம்மா அந்தச் சொம்பை ராத்திரி வரைக்கும் கழுவவே இல்லை.

போர்க்காலத்தில் கூட்டாளிக்குத் தெம்பு கொடுத்தது தப்பா என்று கேட்பீர்கள். தப்பே இல்லை. சீனா சண்டையிலிருந்து விலகிவிடக் கூடாது என்ற கவலை, அதற்காகச் செய்தார்கள். அப்படியே சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கவுலூனுக்கு வடக்கே 1898இல் 99 வருஷக் பிரிட்டன் குத்தகைக்கு எடுத்த ஹாங்காங் நிலத்தையும் சீனா சேர்த்துக் கேட்டபோது என்ன நடந்தது? ஹாங்காங்கே ஜப்பானிடம் இருந்த நேரத்தில்கூட பிரிட்டன் மறுத்தது. பேச்சே முறிய இருந்தது. சீன ராஜதந்திரி வெலிங்டன் கூ தன் அரசுக்குச் சமாதானம் சொன்ன பிறகுதான், பின்னால் இதைப் பற்றிப் பேசும் உரிமை உண்டு என்று ஒரு கடிதத்தோடு சீனத் தரப்பு கையெழுத்திட்டது. அந்த நிலம் திரும்பி வந்தது 1997இல்.

அமெரிக்கா அப்படியில்லை என்கிறீர்களா? அதே 1943 மே மாதம், சீனாவிலிருக்கும் அமெரிக்கச் சிப்பாய்கள் குற்றம் செய்தால் அமெரிக்க ராணுவ நீதிமன்றம்தான் விசாரிக்கும் என்று இரண்டு அரசுகளும் கடிதம் மாற்றிக்கொண்டன. அன்றைய சீனத் தலைவர் சியாங் கை ஷேக் மட்டும் யோக்கியமா என்று ஒருவர் கேட்டிருந்தார். அது வேறு பேச்சு.

அப்புறம் இன்னொன்று. சீனாவின் போர்க்காலத் தலைநகர் சுங்கிங்கில் போட்ட அந்த பிரிட்டிஷ் ஒப்பந்தத்தில் இந்தியாவுக்காகவும் ஒரு கையெழுத்து இருக்கிறது. போட்டவர் ஹியூ ரிச்சர்ட்சன், ஆங்கிலேய அதிகாரி. அந்த ஜனவரியில் காந்தி ஆகாகான் மாளிகையில் காவலில், நேரு அகமதுநகர் கோட்டையில். நம்மை ஒரு வார்த்தை கேட்காமல் நம் பெயரில் பேனா எடுத்திருக்கிறார்கள்.

நேற்று அந்த இடத்தில்தான் என் வார்த்தை தடித்தது. அதற்கு அந்த நண்பரிடம் மன்னிப்புக் கேட்கிறேன். சொன்ன விஷயத்துக்குக் கேட்க மாட்டேன்.