இன்டர்வியூ முடிந்து மெயில் போட்டால் வேலை போய்விடாது

"இன்டர்வியூவுக்குப் பிறகு மெயில் போட்டால் வேலைக்கு அலைகிறான் என்று கழித்துவிடுவார்கள்" என்று ஒருவர் சொல்லியிருப்பது தப்பு, இதை நம்பி நம்ம காரைக்குடிப் பிள்ளைகள் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட வேண்டாம். தனியார் கம்பெனிகளில் மறுநாளுக்குள் நாலு வரி நன்றி மெயில் அனுப்புவது சாதாரண வழக்கம்தான். பத்து நாளில் சொல்கிறோம் என்றால் அந்தப் பத்து நாளும் பொறுக்க வேண்டும், அப்புறம் எந்த வேலை, என்றைக்கு வந்தோம் என்று எழுதி ஒரே ஒரு மெயில். தினம் போன் அடிப்பதுதான் எரிச்சல் மூட்டும்.

என் தம்பி மகள், கம்பெனி சொன்ன தேதி தாண்டியும் பயந்துகொண்டு இருந்தாள். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் நின்று இரண்டு பேரும் செல்போனிலேயே தட்டி அனுப்பினோம். மேனேஜர் லீவில் இருந்தாராம், மூன்றாம் நாள் பதில் வந்துவிட்டது.

அரசு வேலை வேறு. சிக்ரி (காரைக்குடியில் இருக்கும் மத்திய அரசின் மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) மாதிரி இடங்களில் முடிவை இணையதளத்தில்தான் பார்க்க வேண்டும், சிபாரிசு பிடித்தால் தகுதி நீக்கம் என்று அறிவிப்பிலேயே இருக்கும். இரண்டையும் போட்டுக் குழப்பாதீர்கள்.