வெளிக் கிடா வந்தால் மட்டும் போதாது
‘குடற்புழுவைத் தாங்கும் இனக் கிடா ஒன்றை இறக்கினால் மருந்துச் செலவே இல்லை’ என்று ஆடு வளர்ப்புக் கட்டுரை ஒன்று சொல்வது மிகை. கென்யாவின் சிவப்பு மாசாய் செம்மறி புழுவைத் தாங்குவது உண்மைதான். ஆனால் அந்தக் குணம் பல மரபணுக்களின் கூட்டு, ஒரே ஈற்றில் வந்து சேராது. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் புழுக்கையில் புழு முட்டைகளை எண்ணி, எண்ணிக்கை குறைந்த கிடாக்களையே தலைமுறை தலைமுறையாகத் தெரிவு செய்கிறார்கள். இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கம், தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான எங்கள் லயத்தில் (செம்மறி அபூர்வம், வெள்ளாடுதான்) நடப்பது தலைகீழ்: கொழுத்த கிடாக்குட்டி தீபாவளிக்கு விலை போய்விடும், மிஞ்சிய நோஞ்சான்தான் இனவிருத்திக்கான பொலிக்கிடா! அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் எல்லா ஆட்டுக்கும் மாதாமாதம் மருந்து கொடுக்கச் சொல்கிறார். அப்படிச் செய்தால் மருந்துக்கு அசையாத புழுதான் பெருகும். இரத்தம் உறிஞ்சும் புழுவென்றால் கீழிமையைப் புரட்டிப் பார்த்து, உட்புறம் வெளிறிய ஆட்டுக்கு மட்டும் மருந்து கொடுங்கள். அடிக்கடி வெளிறும் ஆட்டின் குட்டியை இனவிருத்திக்கு வைக்காதீர்கள்.