அந்த நான்கு பக்கத்தைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு

போன வாரம் அந்த ஸ்கிரீன்ஷாட் சுற்ற ஆரம்பித்தபோதே எழுதியிருக்க வேண்டும். கோபத்தில் எழுதினால் வார்த்தை தடித்துவிடும் என்று ஆறப்போட்டேன். ஆறவில்லை. இனி ஆறப்போட்டும் பிரயோஜனம் இல்லை என்று தெரிந்துவிட்டது, அதனால் எழுதுகிறேன்.

நடந்தது உங்களில் பாதிப்பேருக்குத் தெரியும். இந்தப் பக்கத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்காக மட்டும் சுருக்கமாக: நான் இங்கிலாந்தில் லார்ப் ஆடுகிறவள். காட்டிலோ வயல்வெளியிலோ கூடாரம் போட்டு, உடை மாட்டி, நுரையில் செய்த கத்தியைத் தூக்கிக்கொண்டு ஒரு கற்பனை ராஜ்ஜியத்தில் இரண்டு மூன்று நாள் வேறொருவராகவே இருப்பது. இது நேற்று முளைத்த கூத்து அல்ல. 1982-லேயே செஷயரில் பெக்ஃபோர்ட்டன் கோட்டையை வைத்து 'ட்ரெஷர் டிராப்' என்ற ஆட்டம் நடந்திருக்கிறது. ஆட்டத்துக்கு வருவதற்கு முன்னால் அவரவர் கேரக்டருக்கு ஒரு முன்கதை எழுதி, ஆட்டத்தின் கதையை அமைக்கிற பிளாட் டீமுக்கு அனுப்புவோம். யார், எந்த ஊர், யாரை விட்டுவிட்டு வந்தாள், யாருக்குப் பயப்படுகிறாள், இதெல்லாம் அதில் இருக்கும்.

முதல் ஆட்டத்துக்குப் பெயர் கொடுத்த ஒரு பெண் நான்கு பக்கம் எழுதி அனுப்பியிருக்கிறாள். அதை வாங்கிய டீமில் ஒருவர் அதிலிருந்து ஒரு பத்தியைப் படம் பிடித்து, பெயரை மட்டும் மறைத்து, குரூப்பில் போட்டு "நாவல் வந்திருக்கிறது, யாருக்கு நேரம் இருக்கிறது" என்று கேட்டார். அதற்குக் கீழே வரிசையாகச் சிரிப்பு. நான் மதிக்கிற ஆட்களும் சிரித்திருந்தார்கள். அதுதான் எனக்கு இன்னும் தொண்டையில் நிற்கிறது.

ஒன்றே ஒன்றுதான் சொல்ல வந்தேன். முன்கதை என்பது ஒருவர் உங்களை நம்பிக் கொடுப்பது. கொடுத்த இடத்தில்தான் அது இருக்க வேண்டும். நன்றாக இருக்கிறதா, நீளமா, எழுத்துப்பிழை இருக்கிறதா என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

சிரித்தவர்கள் அந்தப் பத்தியை ஒழுங்காகப் படித்தீர்களா? உப்பு வியாபாரியின் மகள். அப்பாவை வரி ஏய்த்ததாகச் சொல்லிப் பிடித்துப்போகிறார்கள். வீட்டைச் சூறையாடுவதற்குள் அவள் அப்பாவின் கணக்குப் புத்தகத்தை மட்டும் இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடி வருகிறாள். அதில் யார் யார் எவ்வளவு கடன்பட்டிருக்கிறார்கள் என்று பெயரோடு இருக்கிறது. ஊர்ப் பெரிய மனிதர்கள் சிலரின் பெயரும் இருக்கிறது. அய்யா, பிளாட் எழுதுகிற ஒருவருக்கு இதைவிட என்ன வேண்டும்? ஒவ்வொரு பெயரும் ஒரு ஆள். ஒவ்வொரு ஆளையும் ஒரு சனிக்கிழமை ராத்திரி அவள் கூடாரத்து வாசலில் கொண்டுவந்து நிறுத்தலாம். ஒருவன் கடனைத் திருப்பித் தர வருவான், ஒருவன் அந்தப் பக்கத்தைக் கிழிக்க வருவான். முதல் ஆட்டம் ஆடப்போகிற ஒரு பெண் உங்கள் வேலையில் பாதியை முடித்து அனுப்பியிருக்கிறாள், நீங்கள் அதற்குச் சிரிப்பு எமோஜி போட்டிருக்கிறீர்கள்.

என் கதையைச் சொல்கிறேன், ஏனென்றால் இது ஏன் எனக்கு இவ்வளவு சுடுகிறது என்பது அதில்தான் இருக்கிறது. நான் ஆரம்பத்திலிருந்து ஆடுவது ஒரு ஊர்சுற்றி வைத்தியச்சி. காய்ச்சல் பரவிய ஊரில் தங்கையை விட்டுவிட்டு வந்தவள். முன்கதையில் அந்தத் தங்கையைப் பற்றி எழுதும்போது, ஏதோ தோன்றி, அவள் இடதுகைக்காரி, எழுத்தெல்லாம் இடப்பக்கம் சாய்ந்து விழும், கையெழுத்துப் போட மாட்டாள், அந்த இடத்தில் சின்னதாக ஒரு மீன் வரைவாள் என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். அனுப்பிவிட்டு நானே மறந்துவிட்டேன்.

அந்த ஆட்டத்தில் சனிக்கிழமை ராத்திரி நல்ல மழை. நனைந்த விறகு புகைந்து கண்ணைத் திறக்க முடியவில்லை. ஒருவனுக்குக் காயத்துக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருக்கிறேன், விரலெல்லாம் சிவப்புச் சாயம். ஈர அங்கியோடு யாரோ ஒரு ஆள் வந்து என் கேரக்டரின் பெயரைச் சொல்லிக் கேட்டான். கையில் ஒரு கடிதத்தைக் கொடுத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் இருட்டில் போய்விட்டான். பழைய காகிதம் மாதிரி இருக்க டிகாஷனில் முக்கிக் காய வைத்த தாள், ஓரம் கருகியிருந்தது, சிவப்பு அரக்கு. பிரித்தால், எழுத்தெல்லாம் இடப்பக்கம் சாய்ந்திருந்தது. கீழே ஒரு மீன்.

அங்கேயே அழுதுவிட்டேன். கட்டுப் போட்டுக்கொண்டிருந்தவன் கேரக்டரை விட்டு வெளியே வந்து "ஒன்றும் இல்லையே?" என்று கேட்டான். யாரோ ஒருவர், பகலெல்லாம் ஆபீஸ் வேலை பார்த்துவிட்டு, ராத்திரி உட்கார்ந்து நான் எழுதியதைப் படித்து, அந்த ஒரு வரிக்காகத் தன் கையெழுத்தை மாற்றி எழுதியிருக்கிறார். இந்த ஊரில் என்னைப் பற்றி அவ்வளவு கவனமாக அதுவரை யாரும் எதையும் படித்ததில்லை. விசா ஆபீஸ் உட்பட.

அந்தப் பெண்ணுக்கும் அப்படி ஒரு ராத்திரி கிடைத்திருக்க வேண்டும். கிடைத்தது ஸ்கிரீன்ஷாட்.

சரி, என்னென்ன சொல்லப்போகிறீர்கள் என்று தெரியும். "பெயரை மறைத்துத்தானே போட்டோம்." அறுபது பேர் வருகிற ஆட்டத்தில் ஒரு பெண் வந்து நான் உப்பு வியாபாரியின் மகள் என்று சொன்ன நிமிஷமே எல்லோருக்கும் தெரிந்துவிடாதா? அவள் எந்த முகத்தோடு வந்து நிற்பாள்? "சும்மா தமாஷுக்கு." உங்களைப் பற்றி அப்படிப் போட்டுவிட்டுத் தமாஷ் என்றால் ஒத்துக்கொள்வீர்களா? இதற்கு மேல் அதற்குப் பதில் இல்லை.

"பிளாட் டீமில் எல்லோரும் சம்பளம் இல்லாமல் உழைக்கிறார்கள், இவ்வளவையும் படிக்க நேரம் எங்கே?" எனக்கும் தெரியும். நானும் ஆட்டத்தை நடத்த உதவுகிற க்ரூவில் வேலை பார்த்திருக்கிறேன். ஓர்க் என்கிற அரக்கனின் முகமூடியைக் கழற்றி, காருக்குப் பின்னால் நின்று வேறு சட்டை மாற்றி, அடுத்த அஞ்சு நிமிஷத்தில் தூதுவனாகப் போயிருக்கிறேன். யாரும் நன்றி சொன்னதில்லை. அதனால் நேரம் இல்லை என்பதை ஏற்கிறேன். ஆனால் நேரம் இல்லாதவர்களுக்குப் படம் பிடிக்கவும், பெயரை அழிக்கவும், குரூப்பில் போடவும், கீழே வருகிற ஒவ்வொரு கமெண்டுக்கும் பதில் போடவும் எப்படி நேரம் வந்தது? ஒரு பக்கம் போதும் என்றால் படிவத்திலேயே ஒரு பக்கம் என்று போடுங்கள். அந்தப் படிவத்தைப் போய்ப் பாருங்கள். "உங்கள் கேரக்டரின் பின்னணி" என்று ஒரு காலிக் கட்டம். அவ்வளவுதான். எதற்குக் கேட்கிறோம், யார் படிப்பார்கள், எதை வைத்து என்ன செய்வோம் என்று ஒரு வரி கிடையாது. ஒன்றும் சொல்லாமல் விட்டுவிட்டு, தெரியாமல் எழுதியவளைப் பார்த்துச் சிரிப்பது என்ன நியாயம்?

நியாயமான கேள்வி ஒன்றுதான் இருக்கிறது. நீளமான முன்கதை ஆட்டத்துக்கு உதவுமா? பல சமயம் உதவாது. நானே புதியவர்களிடம் சொல்வேன். டிராகனைக் கொன்றாயிற்று, ராஜாவின் ரகசிய மகன், மூன்று போரில் ஜெயித்தவன் என்று எழுதிவிட்டு முதல் நாள் வந்து ஒரு சின்னக் கத்தியோடு நின்றால், செய்ய வேண்டியதெல்லாம் கதையிலேயே முடிந்துபோயிருக்கும். அம்மா அப்பா ஊர் எல்லாம் எரிந்துபோனது, யாரும் இல்லாத அனாதை என்று எழுதுகிறவர்களும் அதிகம். அப்படி எழுதினால் பிளாட் டீம் யாரைக் கொண்டுவந்து உங்கள் முன்னால் நிறுத்தும்? உயிரோடு இருக்கிற ஆட்கள் வேண்டும். தீராத கணக்கு வேண்டும். உப்பு வியாபாரியின் மகள் இரண்டையும் எழுதியிருக்கிறாள். யாருமே சொல்லிக்கொடுக்காமல். அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

எல்லா ஆட்டத்துக்கும் ஒரே மாதிரி எழுதவும் முடியாது. ஜெர்மனியில் ப்ரோகெலோவில் நடக்கிற 'மித்தோடியா' மாதிரி ஆயிரக்கணக்கில் ஆட்கள் கூடுகிற இடத்தில் உங்கள் முன்கதையை உட்கார்ந்து படிக்க ஆள் எங்கே இருக்கும், அங்கே அது உங்களுக்கும் உங்கள் கூடாரத்தில் இருப்பவர்களுக்கும்தான். நார்வே, ஸ்வீடன் மாதிரி நார்டிக் நாடுகளில் பல ஆட்டங்களில் ஆட்டத்தை நடத்துகிறவர்களே கேரக்டரை எழுதி அனுப்பிவிடுவார்கள், ஆரம்பிப்பதற்கு முன்னால் எல்லோரையும் உட்காரவைத்து யாருக்கு யார் என்ன வேண்டும் என்று பேசவைப்பார்கள். 1997-ல் ஓஸ்லோவில் தொடங்கிய 'க்னூட்டபுங்க்ட்' என்ற லார்ப் மாநாட்டில் வருஷா வருஷம் இந்த மாதிரி விஷயங்களை மணிக்கணக்கில் விவாதிக்கிறார்கள். போலந்தில் சோஹா கோட்டையில் 2014-ல் தொடங்கிய மந்திரப் பள்ளி ஆட்டத்திலும் ஆரம்பத்தில் கேரக்டர் எழுதித்தான் வந்தது, பிடித்த மாதிரி மாற்றிக்கொள்ளலாம். அங்கெல்லாம் புதியவர் மேல் பாரம் இல்லை. நாம் மட்டும் முழுப் பாரத்தையும் அவர்கள் தலையில் வைத்துவிட்டு, தூக்கத் தெரியவில்லை என்று கை கொட்டுகிறோம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இதை எழுதலாமா வேண்டாமா என்று ரொம்ப யோசித்தேன். நான் முதன்முதலில் பெயர் கொடுத்தபோது ஒருவர் ரொம்ப அன்பாகத்தான் கேட்டார், "கிழக்கிலிருந்து வந்த மசாலா வியாபாரியாக ஆடலாமே, உனக்குப் பொருத்தமாக இருக்குமே" என்று. அந்த உலகத்தின் வரைபடத்தில் கிழக்கு என்று ஒரு தேசமே கிடையாது. என் தோலைப் பார்த்து அவர் ஒரு தேசத்தை உண்டாக்கினார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து உட்கார்ந்து எழுதியதுதான் அந்த முன்கதை. இந்த மண்ணில் பிறந்தவள், இந்த ஆற்றங்கரையில் மருந்து அரைத்தவள், என் தங்கை இன்னும் இங்கேதான் இருக்கிறாள் என்று. அந்தக் காகிதத்தைக் காட்டித்தான் நான் உள்ளே வந்தேன். பிறகு யாரும் நீ எந்த ஊர் என்று கேட்கவில்லை. அதனால் முன்கதையை யாராவது "ஹோம்வொர்க்" என்று கிண்டல் செய்தால் எனக்கு வலிக்கும். சிலருக்கு அது பொழுதுபோக்கு. சிலருக்கு அதுதான் நுழைவுச்சீட்டு.

வீட்டிலும் இதேதான். செய்யாறு பக்கம் எங்கள் ஊரில் திரௌபதி அம்மன் கோவில் திருவிழாவுக்கு விடிய விடியப் பாரதக் கூத்து நடக்கும். கட்டியக்காரன் "நீங்கள் யார், எந்த நாடு" என்று கேட்பான், வேஷக்காரர் திரைக்குப் பின்னாலிருந்தே பாடிக்கொண்டு வந்து தன்னைச் சொல்வார், ஊரே கேட்டுக்கொண்டிருக்கும். துகில் உரியும் இடத்தில் என் மாமா தேம்பித் தேம்பி அழுவார். அதே மாமாதான் போனில் "இந்த வயசுல வேஷம் கட்டிக்கிட்டு காட்டுல சுத்துறியாமே, ரெண்டு பிள்ளைய வெச்சுக்கிட்டு" என்றார். அவருக்கு என்ன சொல்வது என்று தெரியாமல் போனை வைத்துவிட்டேன். அவர் சிரித்ததைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம், அவருக்கு இது தெரியாது. உங்களுக்குத் தெரியும். நீங்களும் ஒருநாள் பயந்துகொண்டே எழுதி அனுப்பியவர்கள்தான்.

"நீ சென்சிட்டிவ், எல்லாவற்றையும் பெரிதாக்குகிறாய்" என்று இன்பாக்ஸில் ஒருவர் அனுப்பியிருந்தார். இருக்கட்டும். மனசு கொஞ்சம் இளகியவர்கள் இருப்பதால்தான் இந்த ஆட்டமே நடக்கிறது. மரத்துப்போனவர்கள் ராத்திரி மூன்று மணிக்கு மழையில் நின்று இல்லாத ஒரு தங்கைக்காக அழ மாட்டார்கள்.

படத்தை எடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். அந்தப் பெண்ணிடம் நேரில் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டார்களா என்று விசாரித்தேன், இல்லை. அதைச் செய்யுங்கள். செய்துவிட்டு அந்த நான்கு பக்கத்தையும் முழுசாகப் படியுங்கள்.

அவளுக்கு நானே எழுதியிருக்கிறேன். என் வைத்தியச்சி அவள் அப்பாவிடம் உப்பு வாங்கிக் கடன் வைத்திருக்கிறாள் என்று என் முன்கதையில் புதிதாகச் சேர்த்துவிட்டேன், அவளும் கணக்குப் புத்தகத்தில் என் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம், வந்தால் என் கூடாரத்தில் இடம் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை. வராமலும் போகலாம்.

அடுத்த ஆட்டத்துக்கு முன்கதை எழுதிவைத்துவிட்டு அனுப்பத் தயங்குகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், எனக்கு அனுப்புங்கள். எவ்வளவு நீளமாக இருந்தாலும் சரி, பிள்ளைகள் தூங்கிய பிறகு உட்கார்ந்து படிக்கிறேன்.