மணக்காத சாப்பாடுதான் வேண்டுமாம்

வெள்ளவத்தையில் மகளை விடும் டேகெயாரிலிருந்து மதியச் சாப்பாட்டு விதிகள் வட்ஸ்அப்பில் வந்திருக்கின்றன. கச்சான் வேண்டாம். முழுத் திராட்சை வேண்டாம். மாட்டிறைச்சி, பன்றி வேண்டாம். சொதி, குழம்பு வேண்டாம். கருவாடு மாதிரி மணக்கும் எதுவும் வேண்டாம்.

முதல் மூன்றிலும் எனக்குச் சண்டை இல்லை. சின்னப் பிள்ளைகளுக்குக் கச்சான் தொண்டையில் சிக்கும், சிலருக்கு ஒவ்வாமையும் வரும். திராட்சையை நீளவாக்கில் நாலாக வெட்டிக் கொடுத்துவிடுகிறேன். இறைச்சி விஷயமும் சரி. இந்து, முஸ்லிம், கிறிஸ்தவ, பௌத்தப் பிள்ளைகள் எல்லாரும் ஒரே பாயில் இருந்து, ஒருவர் பெட்டியில் மற்றவர் கை போடுகிற வயது.

சொதிக்கு வருவோம். விடிய ஆறு மணிக்குத் தேங்காய்ப்பால் விட்டு இறக்கிய சொதியைக் கொழும்பு வெக்கையில் மதியம் வரை வைத்தால் பழுதாகும். 5 பாகைக்கும் 60 பாகைக்கும் இடையில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும். இந்தக் காரணத்தைச் சொல்லியிருந்தால் அன்றைக்கே நிறுத்தியிருப்பேன். கேட்டபோது மிஸ் சொன்னது வேறு: "உடுப்பெல்லாம் ஊத்துதுகள், துடைக்க ஆளில்லை."

அதுவும் உண்மைதான். அத்தனை பிள்ளைகளுக்கும் ஊட்டிவிட இரண்டே இரண்டு ஆன்டிமார். அவர்கள் பாடு எனக்கு விளங்குகிறது. ஆனால் சிந்தாத, மணக்காத, கழுவ வேண்டாத சாப்பாடு என்று தேடிப் போனால் கடைசியில் கையில் மிஞ்சுவது என்ன? பிஸ்கட், சொசேஜ், ஜாம் பூசிய பாண், ஸ்ட்ரோ குத்திய பக்கெட் ஜூஸ். இவை எதற்கும் அந்தப் பட்டியலில் தடை இல்லை. 100 மில்லிலீட்டரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் போத்தலில் சிவப்பு அடையாளம் போடவேண்டும் என்று 2016இலேயே சட்டம் கொண்டுவந்த நாடு இது. டேகெயார் அனுப்பிய பட்டியலின் தலைப்பு 'ஆரோக்கியமான உணவு' என்பதுதான் வேடிக்கை.

கருவாட்டு விதிதான் எனக்குப் பொறுக்கவில்லை. முள்ளோடு சாப்பிடும் நெத்தலியில் புரதமும் உண்டு, கல்சியமும் உண்டு. வறுத்துச் சோற்றில் பிசைந்தால் என் மகள் மறுபேச்சில்லாமல் சாப்பிடுவாள். அதன் மணம் எந்தப் பிள்ளையையும் உறுத்துவதாக நான் கேள்விப்படவில்லை. மூக்கைச் சுளிப்பது பெரியவர்கள். மதியம் பன்னிரண்டு மணிக்குக் காலி வீதியில் எந்த அலுவலக லிஃப்டிலாவது ஏறிப் பாருங்கள், சோற்றுப் பார்சல் மணக்காத நாள் இருக்கிறதா? (அதிலும் புரியாணி என்றால் யாரும் வாயே திறப்பதில்லை.)

பெற்றோர் கூட்டத்தில் இரண்டு விஷயம் கேட்கப்போகிறேன். ஒவ்வொரு விதிக்கும் பக்கத்தில் காரணத்தையும் எழுதுங்கள். சின்னதாக ஒரு ஃப்ரிட்ஜும் மைக்ரோவேவும் வாங்கி வையுங்கள், பெற்றோர் நாங்கள் காசு சேர்த்துத் தருகிறோம். துடைக்க ஆள் போதாது என்றால் இன்னொரு ஆன்டியை எடுப்பதைப் பற்றியும் பேசலாம். அதற்காகக் கட்டணம் கொஞ்சம் கூடினாலும் நான் கொடுப்பேன். மற்றப் பெற்றோர் என்ன சொல்கிறீர்கள்?