குக்கர் விசிலும் ஹர்ஸ்ட் வாயும்

“கிளம்பியாச்சு மச்சான், வந்துக்கிட்டே இருக்கோம்” என்று நண்பர் தொலைபேசியில் சொன்னபோது, அவருக்குப் பின்னால் குக்கர் விசில் அடித்தது எனக்குத் தெளிவாகக் கேட்டது. சனிக்கிழமை காலை மணி 9:40. அவர் லண்டனில் தம் வீட்டுச் சமையலறையில் இருந்தார். நாங்கள் நால்வரும், அங்கிருந்து அவர் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கார் ஓட்டி வரவேண்டிய, இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள லிமிங்டன் துறையில், எங்கள் படகின் பாய்களை அவிழ்த்துத் தயாராக வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தோம். ஒன்பதரைக்குள் படகில் இருக்க வேண்டும் என்று மூன்று வாரங்களாகச் சொல்லியிருந்தேன்.

கல்யாண வீட்டுக்குத் தாமதமாகப் போனால் இரண்டாம் பந்தியில் உட்காரலாம். ஹர்ஸ்ட் கோட்டைக்கு முன்னே இருக்கும் அந்தக் குறுகிய கடல்வாயில் இரண்டாம் பந்தி கிடையாது. நாங்கள் போகவிருந்தது மேற்கே பூல் துறைமுகத்துக்கு; அதற்கு அந்த வாயைத் தாண்டியாக வேண்டும். பௌர்ணமியோ அமாவாசையோ கழிந்த ஓரிரு நாளில் அங்கே நீரோட்டம் 4 நாட் (மணிக்கு ஏழு கிலோமீட்டருக்கு மேல்) வேகத்தில் பாயும். எங்கள் 30 அடிப் பாய்மரப் படகின் வேகமே 5 நாட்தான். அன்று பௌர்ணமி கழிந்து இரண்டாம் நாள். பதினொன்றேகால் வாக்கில் நீர் திரும்பும் அமைதியான நேரத்தில் வாயைக் கடந்து, அதன் பிறகு வலுத்து மேற்கே வடியும் வற்றுநீரின் போக்கிலேயே போய்விடலாம் என்று ஓத அட்டவணையை வைத்துக்கொண்டு ஒரு மாலை முழுவதும் கணக்குப் போட்டிருந்தேன்.

10:30-க்கு “பெட்ரோல் போடுறோம்.” 11:15-க்கு “பசங்களுக்குக் காபி வாங்கிட்டு வந்துடறோம்.” பசங்க என்றால் குழந்தைகள் அல்ல, நாற்பதைத் தொட்ட இரண்டு ஆண்கள். 12:20-க்கு “வண்டி நிறுத்த இடம் தேடுறோம்.” 12:50-க்கு அந்த மூவரும் மிதவைத் துறையின் பலகைகள் தடதடக்கச் சக்கரம் வைத்த பெரிய சூட்கேஸ் ஒன்றை இழுத்துக்கொண்டு, சிரித்தபடி வந்தார்கள். மடித்து வைக்கக்கூடிய துணிப்பையில்தான் சாமான் கொண்டுவர வேண்டும் என்று நான் எழுதியதையும் யாரும் படிக்கவில்லை. மன்னிப்பு என்ற சொல் ஒருவர் வாயிலிருந்தும் வரவில்லை. “லீவு நாள்ல எதுக்கு மச்சான் இவ்வளவு டென்ஷன்?” என்று என்னைத்தான் கேட்டார்கள்.

என் கோபம் உச்சத்துக்குப் போனது அதன் பிறகுதான். “நீரோட்டம் இன்னும் மேற்கதானே ஓடுது, போகலாமே” என்று வாதாடினார் நண்பர். ஓடுகிறது, ஐயா. முழு வேகத்தில் ஓடுகிறது. பிற்பகலில் தென்மேற்குக் காற்று, கடலோடிகள் காற்றை அளக்கும் பியூஃபோர்ட் அளவில் ஐந்தாம் விசைக்கு ஏறும் என்று வானிலை அறிக்கை சொல்லியிருந்தது. அந்தக் காற்று, வெளியே பாயும் நீரை எதிர்த்து வீசும்போது, நீடில்ஸ் பாறைகளுக்கும் ஷிங்கிள்ஸ் சரளைத் திட்டுக்கும் இடைப்பட்ட கால்வாயில் அலைகள் குட்டையாகவும் செங்குத்தாகவும் எழுந்து ஒன்றன்மேல் ஒன்றாக உடையும். காலையில் நிதானமாகக் கடந்திருக்கக்கூடிய அதே இடம் மதியம் இரண்டு மணிக்கு வேறு கடல். உயிர்காப்பு அங்கியின் வாரை எங்கே மாட்டுவது என்றே தெரியாத மூன்று பேரை வைத்துக்கொண்டு அதற்குள் படகை விட நான் தயாராக இல்லை. அவர்கள் உயிருக்கு அன்று பொறுப்பாளி நான். அதைச் சொன்னதற்குப் “பயந்தாங்கொள்ளி” என்று பட்டம் கிடைத்தது.

பூலில் முன்பணம் கட்டிப் பிடித்து வைத்திருந்த இடம் வீணாயிற்று. எதிர்க்கரையில், வைட் தீவில் இருக்கும் யார்மத்துக்கு நான்கு மைல் போய்க் கட்டினோம். பயணிகள் கப்பலில் ஏறினால் நாற்பது நிமிடத்தில் போய்ச்சேரும் ஊர் அது. இதற்காகவா ஒரு மாதம் திட்டமிட்டோம்? சொன்ன நேரத்துக்கு வந்து, காலையிலிருந்து கயிறு சுருட்டிக் காத்திருந்த மூன்று பேரின் முகத்தை என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அவர்களில் ஒருவர் அந்த ஒரு நாளுக்காக இரவுப் பணியை மாற்றிக்கொண்டு வந்திருந்தார்.

இன்னொன்றையும் விட மனம் வரவில்லை. அன்றிரவு எல்லாரும் கரையில் மீன் வறுவல் சாப்பிடப் போயிருந்தபோது, நான் கையுறை மாட்டிக்கொண்டு படகின் கழிவறைப் பம்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். வால்வின் ரப்பர் இதழில் முறுக்கிக்கொண்டு கிடந்தது ஓர் ஈரத்துடைப்புத் தாள். வெளியே எடுத்து முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. எந்தத் துடைப்புத் தாளையும் உள்ளே போடக்கூடாது என்று அந்தப் பம்பின் கைப்பிடிக்கு நேர் மேலே ஆங்கிலத்தில் மட்டுமல்ல, தமிழிலும் எழுதி ஒட்டியிருக்கிறேன்.